பக்கக் கணக்கு மட்டும் போதுமா?

ஆண்டுக்குப் பன்னிரண்டு சிறுகதை, தினம் ஐந்நூறு சொல், அடுத்த சென்னைப் புத்தகக் காட்சிக்குள் ஒரு நாவல். கதை எழுத ஆசைப்படுகிற பலர் ஜனவரியில் இப்படி ஒரு பட்டியல் போட்டுவிடுகிறார்கள். இதைக் கேலி செய்வது எளிது. கேலி செய்பவர்களில் பாதிப் பேர், கதை தானாக வரட்டும் என்று காத்திருந்தே காலத்தைக் கழித்தவர்கள். இலக்கு வைத்து எழுதும் பழக்கத்துக்கு நல்ல முன்னோடிகள் உண்டு. அதன் பலமும் பலவீனமும் அவர்களிடமே தெரிகின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் அந்தோனி டிரோலப் தபால் துறை அதிகாரி. அலுவலகம் போகும் முன், காலை ஐந்தரை மணிக்கே மேசைக்கு வந்துவிடுவார். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் என்ற வேகத்தில் எழுதுவார். ஒவ்வொரு நாவலுக்கும் தனி நாட்குறிப்பு. அன்றன்று முடித்த பக்கங்கள் அதில் ஏறும். சோம்பிக் கிடந்த நாள் அதில் உறுத்திக்கொண்டே நிற்கும். வாரத்துக்குச் சராசரி நாற்பது பக்கம். ரயிலில் போகும்போதுகூட எழுதினார். இப்படி எழுதிய நாவல்கள் 47.

வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுகிறவருக்கு இந்த முறையின் அருமை புரியும். இன்று எழுதலாமா வேண்டாமா என்ற தினசரிப் பஞ்சாயத்து இதில் இல்லை. தொடக்க எழுத்தாளரின் பெரிய நோய் மோசமாக எழுதுவதல்ல, முடிக்காமல் விடுவது. முடிந்த கதையைத் திருத்த முடியும். மூன்றாம் பக்கத்தில் நின்றுபோனதை என்ன செய்வது?

ஆனால் டிரோலப்பின் சுயசரிதையிலேயே இன்னொரு செய்தியும் இருக்கிறது. 'டாக்டர் தார்ன்' நாவலை ஒருநாள் முடித்தார், மறுநாளே 'தி பெர்ட்ராம்ஸ்' நாவலைத் தொடங்கினார். முதலாவது இன்றும் விரும்பிப் படிக்கப்படுகிறது. இரண்டாவதை நண்பர்கள்கூடப் பாராட்டிக் கேட்டதில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். இரண்டுக்கும் அதே கடிகாரம், அதே பக்கக் கணக்கு. அந்த நாட்குறிப்பு ஒரு வருகைப் பதிவேடு. ஆள் வந்தாரா என்று சொல்லும். வந்து என்ன செய்தார் என்று சொல்லாது.

அமெரிக்காவில் 1999இல் 21 பேர் சேர்ந்து தொடங்கிய 'நானோரைமோ' இந்தப் பதிவேட்டை உலகத் திருவிழாவாக்கியது. நவம்பர் மாதம் முப்பது நாளில் 50,000 சொல் எழுத வேண்டும். அதை நடத்திய அமைப்பு 2025இல் மூடப்பட்டாலும் பழக்கம் நிலைத்துவிட்டது. முதல் பிரதி என்ற பயத்தை உடைத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. சாரா குரூயனின் 'வாட்டர் ஃபார் எலிஃபன்ட்ஸ்' அங்கே முளைத்த நாவல்தான். இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை: ஆங்கிலத்தில் நான்கைந்து சொல்லாகப் பிரிவது தமிழில் ஒரே சொல்லில் முடிந்துவிடும். அந்த 50,000ஐ அப்படியே எடுத்துக்கொள்கிற தமிழர் தெரியாமலே அதிகச் சுமை ஏற்கிறார். பக்கமாகவோ நேரமாகவோ வைத்துக்கொள்வது மேல்.

அங்கீகாரத்தை இலக்காக வைப்பது இதைவிடச் சிக்கலானது. கறுப்பினப் பெண்கள் அரிதாக இருந்த அமெரிக்க அறிவியல் புனைகதை உலகில் எழுதிய ஆக்டேவியா பட்லர், தன் நூல்கள் அதிக விற்பனைப் பட்டியலில் இடம்பெறும் என்று 1988இல் நோட்டில் எழுதிவைத்தார். அந்த நோட்டு இப்போது கலிபோர்னியாவின் ஹன்டிங்டன் நூலகத்தில் இருக்கிறது. யாரும் கைகொடுக்காத இடத்தில் அப்படி எழுதிக்கொள்வதும் ஒரு தெம்புதான். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் 1993இல் வெளிவந்த அவருடைய 'பாரபிள் ஆஃப் த சோவர்' நியூயார்க் டைம்ஸ் பட்டியலுக்கு வந்தது 2020இல். அவர் இறந்ததோ 2006இல். அந்த ஒரு வரியை வைத்து ஆண்டுதோறும் தன்னை மதிப்பிட்டிருந்தால் ஒவ்வொரு ஆண்டும் தோற்றிருப்பார். விடிவதற்கு வெகுமுன் எழுந்து எழுதியது மட்டுமே அவர் கையில் இருந்தது, அதை அவர் விடவில்லை.

நம் ஊரில் பரிசு, பத்திரிகைப் பிரசுரம், புத்தகக் காட்சி ஆகிய மூன்றும் இந்த வகை. இவற்றில் மிகவும் கெடுப்பது புத்தகக் காட்சிதான். நவம்பரில் முடித்த பிரதி ஆறப் போடப்படாமல் டிசம்பரில் அச்சுக்குப் போகிறது. ஐம்பது, நூறு பிரதி மட்டும் அச்சிடும் வசதி வந்தபின் தடுக்கவும் யாருமில்லை.

எண்ணிக்கையே பொருட்டல்ல என்று சொல்ல மௌனியை இழுப்பவர்கள் உண்டு. அவர் எழுதிய கதைகள் ஏறத்தாழ இரண்டு டஜன்தான். சுந்தர ராமசாமியின் மூன்று நாவல்கள் 1966, 1981, 1998 என்று தள்ளித் தள்ளி வந்தன. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இடைப்பட்டதெல்லாம் தோல்வி! ஆனால் அந்த இடைவெளிகளில் சு.ரா. சிறுகதையும் கட்டுரையும் எழுதினார். எழுதாமலிருப்பதற்கு அவர் சாட்சி ஆகமாட்டார். மறுபக்கம், 2014 முதல் 2020 வரை அன்றாடம் எழுதி 'வெண்முரசு' நாவல் வரிசையை முடித்த ஜெயமோகனும் தமிழில்தான் இருக்கிறார். வேகத்துக்குப் பொதுவிதி இல்லை.

ஆகவே குறை இலக்கு வைப்பதில் இல்லை, அதைத் திரும்பிப் பார்க்கும் விதத்தில் இருக்கிறது. டிசம்பரில் பெரும்பாலோர் எண்களைக் கூட்டிப் பார்த்து மகிழ்கிறார்கள் அல்லது நொந்துகொள்கிறார்கள். கதையை யாரும் எடுத்துப் படிப்பதில்லை. போன ஆண்டுக் கதை ஒன்றை வாய்விட்டுப் படித்தால் எங்கே நாக்கு தடுக்குகிறது, எந்த உரையாடலில் எல்லோரும் எழுத்தாளரின் குரலிலேயே பேசுகிறார்கள் என்று தெரிந்துவிடும். இந்த ஆண்டுக் கதையும் அதே இடத்தில் சறுக்குகிறதா என்று பார்ப்பதுதான் மதிப்பீடு. பாதியில் கைவிட்ட இலக்கையும் விசாரிக்க வேண்டும். நாவல் நின்றது சோம்பலாலா, அந்தக் கரு நாவலைத் தாங்காததாலா? இரண்டாவது என்றால் அதை விட்டதே நல்ல முடிவு.

எத்தனையோ பட்டியல்கள் பார்த்திருக்கிறேன். 'மூன்று கதையைத் திருத்தி எழுதுவேன்' என்ற வரி மட்டும் எதிலும் இல்லை. புதுக்கதைகளின் எண்ணிக்கையைப் பாதியாக்கி, மிச்ச நாட்களைப் பழைய பிரதிகளைத் திருத்த ஒதுக்குங்கள். வெளியீட்டு விழாவுக்கு அதன்பிறகு தேதி குறிக்கலாம்.