விழுந்த இடமும் இடறிய இடமும்

ஸ்கைரிம் விளையாட்டில் டிராகனைக் கொல்வதெல்லாம் பெரிய காரியமில்லை. முந்நூறு மாட் ஏற்றிய ஸ்கைரிம், வைட்ரன் நகர வாசலை நெருங்கியதும் ஏன் ஒரு வார்த்தை சொல்லாமல் மூடிக்கொண்டு டெஸ்க்டாப்பைக் காட்டுகிறது என்று கண்டுபிடிக்கிறாரே, அவரைத்தான் நான் வீரர் என்பேன். அந்த வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது எனக்கு விளையாட்டைவிடச் சுவையானது.

பெதஸ்டா 2011 நவம்பர் 11 அன்று வெளியிட்ட விளையாட்டு இது. ரசிகர்கள் தாங்களே எழுதி அதனோடு சேர்ப்பவைதான் மாட்கள். ஒருவர் மழையை மாற்றுவார். ஒருவர் காட்டை அடர்த்தியாக்குவார். இன்னொருவர் கோழிக்குக்கூடப் புதுத் தோற்றம் கொடுப்பார். ஒருவரை ஒருவர் பார்த்திராத இத்தனை பேரின் கைவேலையும் ஒரே எஞ்சினுக்குள் சண்டையில்லாமல் ஓட வேண்டும். விழுவதில் ஆச்சரியமே இல்லை, ஓடுவதுதான் ஆச்சரியம்.

க்ராஷ் ஆனதும் புதியவர்கள் கடைசியாகச் சேர்த்ததைத் தூக்கி எறிவார்கள். தேர்ந்தவர் எதையும் தொடமாட்டார். எப்போது விழுந்தது, மறுபடியும் அங்கேயே விழுகிறதா என்று மட்டும் கேட்பார். மெனு வருவதற்கு முன்பே விழுந்தால், ஏதோ ஒரு மாட் நம்பியிருக்கும் மாஸ்டர் ஃபைல் இல்லை என்பதை முதலில் சந்தேகிப்பார். ஒரே தெருமுனையில் ஒவ்வொரு முறையும் விழுந்தால், அந்த இடத்தில் ஏற்றப்படும் ஒரு பொருள் கெட்டிருக்கும். ஒரு மணி நேரம் கழித்து எங்கேயோ விழுந்தால் நினைவகப் பக்கம் திரும்புவார். பிறகு சேவ் எதையும் ஏற்றாமல், மெயின் மெனுவிலேயே கன்சோலைத் திறந்து ‘சிஓசி ரிவர்வுட்’ என்று அடிப்பார். வெறும் ஆட்டக்காரனாக அந்த ஊரில் போய் இறங்கலாம். அங்கே எல்லாம் சரியாக ஓடினால், பழுது மாட்களில் இல்லாமல் சேவ் கோப்பில் இருக்கக்கூடும். ஆட்டத்தின் நடுவில் கழற்றப்பட்ட மாட்களின் ஸ்கிரிப்ட்டுகள் சேவிலேயே தங்கிவிடுவது உண்டு. ஒரே ஒரு கட்டளையில் பாதிச் சந்தேகத்தைக் கழித்துவிடும் இந்தச் சிக்கனம் எனக்கு மிகவும் பிடித்தது.

அடுத்தது க்ராஷ் லாக். பாப்பிரஸ் லாகைத் திறந்து வைத்துக்கொண்டு அதில் சிவப்புக் கொடி தேடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பாவமாக இருக்கும். அது ஸ்கிரிப்ட்டுகளின் புலம்பல் ஏடு. நன்றாக ஓடும் ஆட்டத்திலும் பக்கம் பக்கமாகப் புலம்பும். க்ராஷைப் பதிவு செய்வதற்கென்றே தனி மாட்கள் இருக்கின்றன. விழுந்த நொடியில் புராசஸரின் ரெஜிஸ்டர்களிலும் ஸ்டாக்கிலும் என்ன இருந்ததோ, அதை அவை அப்படியே எழுதி வைத்துவிடும். முதல் வரி பெரும்பாலும் ‘ஆக்சஸ் வயலேஷன்’ என்று இருக்கும். இல்லாத முகவரிக்குப் போய் எதையோ எடுக்கப் பார்த்தது என்பதற்கு மேல் அதில் செய்தி கிடையாது.

ருசி கீழே இருக்கிறது. விளையாட்டின் ஒவ்வொரு பொருளுக்கும், எழுத்துகளும் கலந்த எட்டு இலக்க எண் உண்டு. முதல் இரண்டு இலக்கமும் அது எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று சொல்லும். 00 என்றால் மூல ஸ்கைரிம். எஃப்ஈ என்றால் எடை குறைந்த ப்ளக்-இன்களில் ஒன்று. எஃப்எஃப் என்றால் ஆட்டம் ஓடும்போதே பிறந்தது. லாகில் 00000014 கண்ணில் பட்டதும் துள்ளிக் குதிக்கிறவர்கள் உண்டு. அது ஆட்டக்காரரேதான், சம்பவ இடத்தில் அவர் இருப்பதில் என்ன அதிசயம்? தேர்ந்த கண் அதைத் தாண்டிப் போகும். நாலைந்து வரி தள்ளி, ஒரு பொருளின் வடிவத்தைத் தரும் மெஷ் கோப்பின் பெயர், அதை ஒட்டியே ஒரு மாட்டின் எண், அடுத்த லாகிலும் அதே ஜோடி. அங்கேதான் நிற்கும்.

பிறகு, மாட்களைத் திறந்து ஒப்பிட்டுக் காட்டும் எக்ஸ்எடிட் கருவி. ஒரே பொருளை ஐந்து மாட் தொட்டிருந்தால் ஐந்தும் பக்கம் பக்கமாக நிற்கும். மாட்கள் ஏறும் வரிசையான லோடு ஆர்டரில் கடைசியாக வருவது சொல்வதே செல்லும். எந்த வரியை யாரிடமிருந்து எடுப்பது என்று முடிவு செய்து பேட்ச் எழுதுவது, ஏட்டுச் சுவடிகளை அடுக்கி வைத்துப் பாடபேதம் பார்க்கும் பதிப்பாசிரியரின் வேலைதான். ஆனால் இந்த மோதல்களில் பெரும்பாலானவை கேமை வீழ்த்துவதில்லை. ஒரு கடைக்காரர் பழைய சட்டைக்குத் திரும்புவார், அவ்வளவே. சிவப்பாகத் தெரிவதையெல்லாம் குற்றவாளியாக்குவது அரைகுறைகளின் பழக்கம். உண்மையில் வீழ்த்துவது அழிக்கப்பட்ட நேவ்மெஷ் போன்றவை. பாத்திரங்கள் எங்கெங்கே நடக்கலாம் என்று எஞ்சினுக்குச் சொல்லும் வரைபடம் அது. முற்றத்தை அழகுபடுத்தும் அவசரத்தில் ஒருவர் அதை நீக்கியிருப்பார். அதை நம்பி எழுதப்பட்ட இன்னொரு மாட் தேடிக்கொண்டு போகும்போது ஆட்டம் விழும். பழி இரண்டாமவருக்கு.

பாதியை அணைத்து, மீதியில் பாதியை அணைத்து என்று குறைத்துக்கொண்டே போகும் முறையும் உண்டு. முந்நூறு மாட்டுக்கு ஒன்பது சுற்றில் விடை வந்துவிடும் என்று கணக்கு சொல்லும். ஒன்றை ஒன்று நம்பியிருப்பவற்றைப் பிரித்தால் அந்தக் கணக்கே உடைந்துவிடும். வேறு வழியில்லாதபோது செய்யலாம். ரசிக்க அதில் ஒன்றுமில்லை.

ரசிக்க வேண்டியது 2014இல் நடந்தது. 32 பிட் ஸ்கைரிமில் மாட்கள் கூடக் கூட இலக்கில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. எல்லோரும் ஒருவர் மாட்டை ஒருவர் குறை சொன்னார்கள். ஷெஸன் என்ற புனைபெயரில் எழுதும் ஒருவர் எஞ்சினையே பிரித்துப் பார்த்தார். தொடக்கத்தில் அது ஒதுக்கிக்கொள்ளும் முதல் நினைவகத் துண்டு 256 எம்பிதான். அது நிரம்பினால் ஆட்டம் விழுகிறது. அதை 512 ஆக்கியதும் அதுவரை பழி சுமந்த பல மாட்கள் விடுதலையாயின. பின்னர் அந்தத் திருத்தம், பல மாட்கள் நம்பியிருக்கும் ஸ்கிரிப்ட் விரிவாக்கியான எஸ்கேஎஸ்இ-யிலேயே சேர்ந்தது. ஒவ்வொரு மாட்டையும் சந்தேகிப்பதை நிறுத்திவிட்டு எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பதைச் சந்தேகித்த அந்த ஒரு திருப்பத்துக்கு ஈடாக இந்தத் துறையில் நான் வேறொன்றைப் பார்த்ததில்லை.

2016இல் வந்த ஸ்பெஷல் எடிஷன் 64 பிட் என்பதால் அந்தத் தொல்லை போயிற்று. ஆனால் 2021 நவம்பரில் வந்த புதுப்பிப்பு, விளையாட்டின் மூல நிரலையே வேறு கம்பைலரில் கட்டியதால், எஸ்கேஎஸ்இ-யை நம்பியிருந்த மாட்கள் பல ஒரே நாளில் நின்றுபோயின. நன்றாக ஓடும் ஸ்கைரிம் உங்களிடம் இருந்தால், ஸ்டீமில் ‘விளையாடத் தொடங்கும்போது மட்டும் புதுப்பி’ என்று வைத்துவிட்டு, எஸ்கேஎஸ்இ லோடர் வழியாகவே திறந்து விளையாடுங்கள்.