இலத்தீன் கற்றலும் நிலவுரிமை வினாவும்: தெல்லிப்பழையிலிருந்து ஒரு நோக்கு

இலத்தீன் மொழிக் கல்வி யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. 1816இல் தெல்லிப்பழையில் நிலைகொண்ட அமெரிக்க மிசனைச் சார்ந்த டானியல் பூவரும் அவருடைய கூட்டாளிகளும் 1823இல் வெளியிட்ட உயர்கல்வித் திட்டத்தில் ஆங்கிலமும் தமிழும் முதலிடம் பெற்றன. சமஸ்கிருதம் தெரிந்தெடுக்கப்பட்ட சிலர்க்கு உரியதாயிற்று. எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் என்பன மிகச் சிலர்க்கே என வகுக்கப்பட்டன. மொழிகள் ஒரு படிக்கட்டாக அடுக்கப்பட்டமை ஈண்டுக் கவனித்தற்குரியது. அதன் உச்சிப் படியில் நின்ற இலத்தீனை எட்டியோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. தெல்லிப்பழை மிசன் பள்ளியில் ஆங்கிலம் பயின்று, வட்டுக்கோட்டைச் செமினறிக்குச் சென்று, பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை, தம் வாழ்நாளை உரோமத்துக்கன்றித் தொல்காப்பியத்துக்கும் கலித்தொகைக்குமே ஈந்தார். செமினறி 1855இல் மூடப்பட்டது.

ஆயினும் இலத்தீன் இம்மண்ணை விட்டு அகன்றுவிடவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) வரையில் கத்தோலிக்க மக்கள் தம் பூசையிலே அதனைப் பொருளறியாமற் செவிமடுத்தனர். தேசவழமை வாய் திறவாத இடங்களில் உரோம-டச்சுச் சட்டமே செல்லுபடியாகும் என்பதனால், மல்லாகம் நீதிமன்றில் எல்லை வழக்குக்குச் சென்ற கமக்காரனும் தன் புறக்கிறாசியின் வாயிலாக இரண்டொரு இலத்தீன் தொடரைக் கேட்டிருப்பான். கோயிலிலும் நீதிமன்றிலும் அது அதிகாரத்தின் குரலாகவே ஒலித்தது. அதனை ஓர் இலக்கிய மொழியாக, மனிதர் தம் துன்பத்தைச் சொல்லிய மொழியாக, நம்மவர் அறிந்தது மிகக் குறைவு.

இக்கட்டுரைக்கு உடனடிக் காரணமாயமைந்தது தெல்லிப்பழையைச் சேர்ந்த மாணவர் ஒருவரின் முயற்சி. ஆசிரியர் துணையின்றிப் பழைய இலக்கண நூலொன்றைக் கொண்டு இலத்தீன் கற்றுவரும் அவர், வேர்ஜிலின் முல்லைப்பாடற் றொகுதியின் முதற் பாடலைத் தமிழாக்கி எம்மிடம் தந்தார். (முல்லைப்பாடல் என்பது அவர் இட்ட பெயர். அதுபற்றிய எமது ஐயத்தைப் பின்னர்க் கூறுவோம்.) அத்தமிழாக்கத்தின் ஓரிடத்தில், தன் உழுநிலத்தை இழந்து செல்பவன் அதனை இனி ஆளப்போகிறவன் யார் என்று சொல்லும் இடத்தில், மாணவர் முதலில் ‘ஆமிக்காரன்’ என்றெழுதி, அதனை வெட்டிப் ‘போர்வீரன்’ என்று திருத்தியிருந்தார். வெட்டிய சொல்லா, திருத்திய சொல்லா பொருத்தமானது? இவ்வினா சொல்லாட்சி பற்றியது மட்டுமாயின் ஆசிரியர் அறையிலேயே தீர்ந்திருக்கும். உரோமத்தைத் தமிழறிஞர் இதுவரை எவ்வாறு வாசித்தனர் என்பதனையும் அது தொடுவதாலேயே இங்கு எழுத நேர்ந்தது.

நம்மிடையே இலத்தீனை ஆழக் கற்றுத் தமிழாய்வுக்குக் கொணர்ந்தவர் என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் தனிநாயகம் அடிகளே. ஊர்காவற்றுறைப் பகுதியில் 1913இற் பிறந்து, கொழும்புக் குருமடத்திலும் பின்னர் 1934 முதல் 1939 வரை உரோமாபுரியிலும் பயின்ற அடிகள், மூன்றாம் நூற்றாண்டுக் கார்த்தேச் ஆயர் சிப்பிரியான் காலத்துக் குருமாரைப் பற்றி ஆய்வேடு எழுதியவர். ஒரு நகரத்தின் நெருக்கடிக் காலத்தில் ஒரு நிறுவனம் எவ்வாறு தன்னை ஒழுங்குபடுத்திக்கொண்டது என்பதே அவ்வாய்வின் பொருள். அதாவது, சமூக வரலாறு. அத்தகைய பயிற்சியுடையவர் சங்கப் பாடல்களுக்கு வந்தபோது எடுத்துக்கொண்ட பொருள் இயற்கை. 1966இல் ஆங்கிலத்தில் வெளிவந்த ‘நிலத்தோற்றமும் கவிதையும்’ என்னும் அவரது நூல், ஐந்திணை மரபைக் கிரேக்க, இலத்தீன் கவிதைகளுக்கு அருகே நிறுத்தி, உலக இலக்கிய அரங்கிலே தமிழுக்கு உரிய இடத்தைக் கோரியது. அக்கோரிக்கையின் வரலாற்றுப் பயனை நாம் மறுக்கவில்லை. ஐரோப்பியச் செவ்வியலே அளவுகோல் என்றிருந்த கல்வியுலகில், அவ்வளவுகோலை நன்கறிந்த ஒருவரே தமிழை எடுத்துரைக்க வேண்டியிருந்தது. ஆனால் நிலத்தோற்றத்தை மையமாகக் கொண்ட ஒப்பீட்டில் நிலவுரிமை பின்தள்ளப்படுகிறது. மலையும் மாலையும் மரநிழலும் இரு மொழிக்கும் பொதுவாகிவிடுகின்றன. அந்நிழலில் யார் இருந்தார், யார் எழுப்பப்பட்டார் என்பது பொதுவாவதில்லை.

மார்க்ஸிய ஆய்வாளர் இதனைச் சரிசெய்தனரா? பேராசிரியர் கைலாசபதி, பேர்மிங்காமில் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் ஆய்ந்து 1968இல் வெளியிட்ட தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய நூலிலே சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டார். ஒப்பீடு வளர்ச்சிக் கட்டத்தால் ஒத்த சமூகங்களுக்கிடையே நிகழவேண்டும் என்பது அதன் அடிப்படை. அவ்வடிப்படையில் நோக்கின், வேந்தரும் குறுநில மன்னரும் பாணரும் வாழ்ந்த சமூகத்துக்கு ஹோமரின் உலகமே அண்மையது. அடிமை உழைப்பின் மேலெழுந்த பேரரசாகிய உரோமம் காலத்தால் அண்மையதாயினும் அமைப்பால் தூரத்தது. இத்தெரிவு சரியானதே. எனினும் அதன் பக்கவிளைவாக, இலத்தீன் இலக்கியம் நம் முகாமில் எவராலும் தீண்டப்படாத காணியாயிற்று. அதனை இயற்கை நயப்பாரும் பழம்பெருமை பேசுவாரும் எடுத்துக்கொண்டனர்.

பின்னவர் கையில் உரோமம் என்பது பொன் என்றாயிற்று. மிளகுக்கு ஈடாக வந்த பொன், அரிக்கமேட்டு மட்பாண்டம், தெல்லிப்பழைக்கு அணித்தேயுள்ள கந்தரோடையிற் கிடைத்த உரோம நாணயங்கள்! இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்தர்சை விழுங்குகிறது என்று பிளினி முறையிட்டதை நம் கட்டுரையாளர் சலியாது எடுத்தாள்வர். அதே பிளினி தம் ‘இயற்கை வரலாறு’ ஆறாம் புத்தகத்தில் இலங்கையைப் பற்றிச் சொல்லும் பகுதியை அவர்கள் முழுதும் வாசிப்பதில்லை என்றே எண்ணத் தோன்றுகிறது.

அப்பகுதி கூறுவது இது. செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியுஸ் புலோக்கமுஸ் என்பானின் விடுதலைபெற்ற அடிமை ஒருவன், காற்றினால் அடித்துவரப்பட்டு இலங்கையிற் கரைசேர்ந்தான். அரசன் அவனை உபசரித்தான். ஆறு மாதத்தில் அவன் இத்தீவின் மொழியைக் கற்று, உரோமரைப் பற்றி அரசன் வினவியவற்றுக்கு விடைபகர்ந்தான். அவனிடமிருந்த நாணயங்கள் வெவ்வேறு தலையுருக்கள் கொண்டனவாயினும் நிறையால் ஒத்திருந்தமை கண்டு அரசன் வியந்தான். பின்னர், குளோடியுஸ் பேரரசனிடம் நால்வர் கொண்ட தூதுக்குழுவை அனுப்பினான்.

உரோமத்துக்கும் இலங்கைக்கும் இடையே பெயர்ந்த முதல் மொழிமாணவன் என்று ஏட்டிற் பதிவானவன் இவனே. அவன் பெயரைப் பிளினி எழுதவில்லை. உடையவனின் பெயர் உண்டு, தூதரின் தலைவன் பெயர் உண்டு. இரு உலகங்களையும் தன் நாவினாற் பிணைத்தவன் ‘இன்னானின் விடுதலை அடிமை’ மாத்திரமே. எகிப்தியப் பாலைவனத்து வணிகப் பாதையிலுள்ள பாறையொன்றில் அதே குடும்பப் பெயருடைய புலோக்கமுசின் அடிமை லூசாஸ் என்பவன், கி.பி. 6ஆம் ஆண்டில் தான் வந்ததைக் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் பொறித்துவைத்துள்ளான். இலங்கைக்கு வந்தவன் அவனே எனக் கொள்ளச் சான்றில்லை. ஆனால் ஏடு எழுதாத பெயரைப் பாறையில் ஓர் அடிமை தானே எழுதிக்கொண்டான் என்பது பெருஞ்செய்தி. நாணயத்தின் நிறையை வியந்த அரசனுக்கும் நாணயக் குவியலை வியக்கும் நம் ஆய்வாளருக்கும் இவ்விடயத்தில் அதிக வேறுபாடில்லை.

தூதர் சொன்னதாகப் பிளினி மேலும் எழுதுவன நகைப்பையும் வேதனையையும் ஒருங்கே தருவன. இத்தீவில் எவருக்கும் அடிமை இல்லையாம். தானிய விலை ஏறுவதில்லையாம். வழக்கும் நீதிமன்றமும் இல்லையாம்! வழக்காடுவதற்கென்றே காணி வாங்குவோர் எனப் பெயரெடுத்த யாழ்ப்பாணத்தார் இதனை வாசிப்பின் தம்மைப் பற்றியதென்று நம்பார். 1707இல் ஒல்லாந்தர் ஏற்படுத்திய தேசவழமைத் தொகுப்பிலே அடிமை ஆண், அடிமைப் பெண் பற்றிய விதிகள் தனியே இடம்பெற்றன. சட்டம் இலங்கையில் அடிமைமுறையை முற்றாக நீக்கியது 1844இலேதான். ‘அடிமை குடிமை’ என்ற தொடர் அதன் பின்னரும் நெடுங்காலம் நாவில் நின்றது. தன் வீட்டு அடிமைகளின் நடுவே இருந்து எழுதிய உரோமன், அடிமையற்ற நாடொன்றைக் கடலுக்கப்பால் கற்பனை செய்துகொண்டான். தன் நாட்டின் மனச்சாட்சியைத் தூரதேசத்தில் வைப்பது ஆளும் வர்க்கத்துக்குப் பழக்கமான வசதி.

இனி, மாணவரின் தமிழாக்கத்துக்கு வருவோம்.

கி.மு. 42இல் பிலிப்பிப் போர் முடிந்தபின், வென்றோர் தம் படையினர்க்கு வாக்களித்த நிலத்தை இத்தாலியின் பதினெட்டு நகரங்களின் விளைநிலங்களிலிருந்து பறித்துக் கொடுக்க முனைந்தனர். கிரெமோனாவின் நிலம் போதாதபோது அண்டையிலிருந்த மாந்துவாவின் நிலமும் அளக்கப்பட்டது. வேர்ஜில் மாந்துவாப் பகுதியினர். முதற் பாடலில் உரையாடும் இருவருள் மெலிபேயுஸ் நிலமிழந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு செல்பவன். வழியிலே வெறுங்கல்லின்மேல் இரட்டைக்குட்டி ஈன்ற ஆட்டை அவன் இழுத்துச்செல்ல வேண்டியுள்ளது. மற்றவன் தித்திருஸ், உரோமுக்குச் சென்று முதுமையில் விடுதலை பெற்று, ஓர் ‘இளைஞன்’ அருளிய வாக்கினாற் புல்வெளி நீங்காமல் மரநிழலிற் சாய்ந்திருப்பவன். அவ்விளைஞனை அவன் கடவுள் என்கிறான். நிலமிழந்தோர் எங்கெங்குச் சிதறுவர் என்று மெலிபேயுஸ் கணக்கிடும்போது ஆபிரிக்காவும் உலகினின்று துண்டுபட்ட பிரித்தானியாவும் அப்பட்டியலில் வருகின்றன. முடிவில் தித்திருஸ் தருவது ஓரிரவுத் தங்கல்: பழமும் பாற்கட்டியும், கூரைகளிற் புகை, மலையிலிருந்து நீளும் நிழல்.

1990இல் வலிகாமம் வடக்கின் மக்கள் வெளியேறினர். அவர்களுடைய காணிகள் உயர்பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. 2013இல் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டபோது உரிமையாளர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றனர். பின்னர்க் காணிகள் பகுதி பகுதியாக விடப்பட்டன, விடப்படாதனவும் உள. அம்மண்ணிற் பிறந்த மாணவர் ‘ஆமிக்காரன்’ என்றெழுதியது எங்ஙனம் என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. பிரித்தானியா வரும் அடியில் அவர் ஓரக்குறிப்பு எதுவும் எழுதாது விட்டமையை நாம் பாராட்டுகிறோம்.

எனினும் அச்சொல்லை அவர் வெட்டியது சரியென்றே கருதுகிறோம். உரோமப் படையாள் தானும் நிலமற்ற ஏழைக் குடியானவனாக இருந்து, கூலியாக நிலம் எதிர்பார்த்தவன். பறித்த துண்டு அவனுக்குத் தனியுடைமையாயிற்று. தெல்லிப்பழையிற் காணியைப் பிடித்தது அரசு. காவல் நின்ற சிப்பாய்க்கு அதில் ஒரு பரப்பும் எழுதிக்கொடுக்கப்படவில்லை. இரண்டையும் ஒரே சொல்லாற் சுட்டின் உற்பத்தி உறவுகளின் வேறுபாடு மறைந்துவிடும். தனிநாயகம் அடிகளின் மரநிழலைக் குறைகூறிய நாமே வேறொரு பொதுமையில் விழுவோம். ‘போர்வீரன்’ என்பதோ பரணிக்குரிய சொல். அதிற் புகழ் ஒட்டியிருக்கிறது. ‘படையாள்’ போதும் என்றோம். அவ்வாறே ‘முல்லை’ என்ற பெயரும் பொருந்தாது. முல்லையிற் பிரிந்த தலைவன் மீள்வான் என்ற இருப்பு உண்டு. மெலிபேயுசுக்கு மீளுதல் இல்லை.

இவற்றினும் முக்கியமான குறையொன்று மாணவரிடத்தன்றி வேர்ஜிலிடமே உண்டு. பாடலிற் பேசும் இருவருமே ஏதோ ஒரு வகையில் நிலத்தோடு உரிமைத் தொடர்புடையோர். முன்னை அடிமையாகிய தித்திருசின் வாயில் நன்றியுரை வைக்கப்படுகிறது. அதிகாரம் பறித்ததனை அவன் பேசான், தந்ததனையே பேசுவான். நிலத்தில் உழைத்து அதில் எதுவுமில்லாதவன் இப்பாடலிற் குரலெழுப்புவதில்லை. வலிகாமம் வடக்கிலும் இதற்கு ஒப்பு உண்டு. காணி விடப்பட்டபோது உறுதியும் தோம்பும் உள்ளோர் திரும்பினர். செம்பாட்டுத் தோட்டங்களிலே தலைமுறையாகக் கூலிக்கு இறைத்தும் கொத்தியும் வாழ்ந்து, பிறர் காணியிற் குடிசையிட்டிருந்தோர்க்குத் திரும்புவதற்கு இடமே இருக்கவில்லை. மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் முகாம்களில் நீண்டகாலம் எஞ்சியோருள் அவர்களே பலர். நிலமிழப்பைப் பற்றிய நம் கவிதைகளும் பெரும்பாலும் மெலிபேயுசின் குரலிலேயே எழுதப்பட்டுள்ளன. முற்றத்து மாவும் கிணற்றடித் துலாவும் நினைவுகூரப்படுகின்றன. அத்துலாவை மிதித்தவன் எங்கே போனான் என்று கேட்ட கவிதைகள் சிலவே.

வேர்ஜிலின் இத்தொகுதி வெளிவந்த காலத்தை ஒட்டி, கி.மு. 37இல், வாரோ தம் வேளாண்மை நூலை எழுதினார். பண்ணைக் கருவிகளை அவர் மூவகையாகப் பிரிக்கும் இடம் அதிலுண்டு: வண்டி முதலிய ஊமைக் கருவிகள், எருது முதலிய அரைக்குரற் கருவிகள், அடிமைகளாகிய பேசும் கருவிகள். ‘மூலதனம்’ முதற் பாகத்தில் மார்க்ஸ் இதனை எடுத்துக்காட்டியமை நம்மவர் பலர்க்குத் தெரியும். இலத்தீன் மூலத்தில் அதனைப் பார்த்தவர் நம்மிடையே அரியர். வேர்ஜிலின் மரநிழலுக்கு அருகே வாரோவின் இப்பக்கத்தை வைத்துப் படிக்குமாறு மாணவரிடம் கூறினோம். அவர் தொடங்கிவிட்டார். மூன்றாம் வகைக்கு ‘பேசும் கருவி’ என்பதா, ‘வாயுள்ள கருவி’ என்பதா என்று கேட்டுச் சென்ற கிழமை எழுதியிருந்தார். முன்னையதே என்று பதில் எழுதினோம்.