செல்லாத 377 ஓட்டுகள்

2024 ஜூலையில், கிளாஸ்கோவில் நடக்கவிருந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டின் அமைப்பாளர்கள், ஹியூகோ விருதுக்கு விழுந்த 3,813 ஓட்டுகளில் 377-ஐச் செல்லாது என்று தள்ளினார்கள். பெயர்களே காட்டிக்கொடுத்துவிட்டன. ஒரு வரிசையில் எல்லோருக்கும் இரண்டாம் பெயர் ஒன்றே. முதலெழுத்து மட்டும் அகர வரிசையில் மாறிக்கொண்டே போகிறது. இன்னொரு வரிசையில் பெயர்களெல்லாம் அடுத்தடுத்த எண்களின் மொழிபெயர்ப்பு. ஓட்டைப் போட்டுவிட்டதாக உறுதி சொன்னவர்களுக்கு யாரோ ஒருவர் உறுப்பினர் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தார் என்றும் தகவல் வந்திருந்தது. இந்த ஓட்டுகளில் பெரும்பாலானவை இறுதிப் பட்டியலில் இருந்த ஒருவருக்கே போயிருந்தன. அவருக்கு இது தெரியும் என்பதற்குச் சான்றில்லை என்று சொல்லி அவர் பெயரை வெளியிடவில்லை. எண்ணிக்கையை மட்டும் மறைக்காமல் அறிவித்தார்கள்.

அந்த அறிக்கையைப் படித்தபோது எனக்குப் பெரிய நிம்மதி. முந்தைய ஆண்டு நடந்ததை நினைத்தால் ஏனென்று புரியும்.

1953-இல் பிலடெல்பியாவில் தொடங்கிய ஹியூகோவில் நடுவர் குழு கிடையாது. அந்தந்த ஆண்டு மாநாட்டுக்கு உறுப்பினராகப் பணம் கட்டியவர் எவரும் படைப்புகளை முன்மொழியலாம், பிறகு இறுதிச் சுற்றில் ஓட்டுப் போடலாம். நேரில் போக வேண்டியதில்லை. வீட்டிலிருந்தே எல்லாம் முடியும். எழுத்தாளருக்கு வாசகர் கையாலேயே கிடைக்கும் பரிசு என்பதால்தான் அதற்கு அத்தனை மதிப்பு. பணம் கட்டினால் யாரும் உள்ளே வரலாம் என்பதே அதன் பலவீனமும்.

அந்தப் பலவீனம் முழுதாக வெளிப்பட்டது 2015-இல். அப்போது ஒவ்வொரு பிரிவிலும் ஒருவர் ஐந்து பெயர் வரை முன்மொழியலாம். அதிகம் பேர் சொன்ன ஐந்தும் இறுதிப் பட்டியலுக்குப் போகும். சாதாரண வாசகர்கள் தாம் படித்ததைச் சொல்வார்கள். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான சிறுகதைகள் வரும்போது அந்த ஓட்டுகள் சிதறத்தானே செய்யும்? ‘சோகமான நாய்க்குட்டிகள்’, ‘வெறிபிடித்த நாய்க்குட்டிகள்’ என்று தமக்குப் பெயர் வைத்துக்கொண்ட இரண்டு அணிகள் ஆளுக்கொரு பட்டியலை வெளியிட்டன. சில நூறு பேர் அதே பெயர்களை அப்படியே எழுதிக் கொடுத்தார்கள். விதி எதையும் மீறவில்லை. ஆனாலும் சில பிரிவுகளில் ஐந்து இடமும் பட்டியல்காரர்களுக்கே போயின.

உறுப்பினர்கள் இதற்குத் தந்த பதில், ஓட்டுச்சீட்டிலேயே இருந்த ‘விருது யாருக்கும் இல்லை’ என்ற வரி. நம் ஊர் நோட்டா எவ்வளவு ஓட்டு வாங்கினாலும் அடுத்து நிற்கும் வேட்பாளர் ஜெயித்துவிடுவார். ஹியூகோவில் அந்த வரி உண்மையாகவே வெல்லும். அந்த ஆண்டு ஸ்போகேனில் நடந்த மாநாட்டின் விருதுக்கு 5,950 பேர் ஓட்டுப் போட்டார்கள். ஐந்து பிரிவுகளில் விருது யாருக்கும் இல்லை என்றானது. பலர் இதை வெற்றி என்று கொண்டாடினார்கள். என்னால் முழுதாகக் கொண்டாட முடியவில்லை. டோனி வைஸ்காப், ஷீலா கில்பர்ட் போல ஆண்டுக்கணக்கில் நூல்களைச் செதுக்கிய பதிப்பாசிரியர்களும் அந்தப் பட்டியல்களில் இடம்பெற்றிருந்த ஒரே காரணத்தால் வெறுங்கையோடு போனார்கள். யாரோ போட்ட பட்டியலுக்கு இன்னொருவர் உழைப்பைத் தண்டிப்பது எந்த வகையில் நியாயம்? கில்பர்ட்டுக்கு மறு ஆண்டே விருது கிடைத்தது. அதனால் அந்த இரவு சரியாகிவிடாது. மார்கோ க்ளூஸ் என்ற நாவலாசிரியர் பட்டியலின் தயவில் கிடைத்த இடம் வேண்டாம் என்று தானே விலகினார். அவர் விட்ட இடத்துக்கு வந்த லியு சிசினின் ‘முப்பொருள் சிக்கல்’ நாவல்தான் அந்த ஆண்டு வென்றது. மொழிபெயர்ப்பு நாவல் ஒன்று ஹியூகோ பெற்றது அதுவே முதல் தடவை.

பிறகு விதியை மாற்றினார்கள். எந்தத் திருத்தமும் அடுத்தடுத்த இரண்டு மாநாடுகளில் நிறைவேற வேண்டும் என்பதால் 2017-இல்தான் அது நடைமுறைக்கு வந்தது. புதிய முறையில் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரிவில் ஒரே ஒரு புள்ளி. ஐந்து பெயர் எழுதினால் ஒவ்வொரு பெயருக்கும் ஐந்தில் ஒரு பங்கு. மிகக் குறைந்த புள்ளி பெற்ற இரண்டு படைப்புகளை எடுத்து, அவற்றில் குறைவான சீட்டுகளில் இருப்பதை நீக்குவார்கள். நீங்கள் எழுதிய ஒன்று நீங்கினால் அதன் பங்கு உங்கள் மற்றப் பெயர்களுக்குச் சேரும். சிதறிய ஓட்டுகள் இப்படிச் சுற்றுக்குச் சுற்று வலுப்பெறும்; ஒரே பட்டியலை எழுதியவர்களின் புள்ளியோ, அந்த ஐந்தில் சில நீங்கும்வரை, பிரிந்தே கிடக்கும். பட்டியல் போட்டால் ஒன்றிரண்டு இடம் பிடிக்கலாம், மொத்தத்தையும் வாரிச் செல்வது கடினம். கையால் எண்ணிச் சரிபார்க்க முடியாது என்பது இதன் குறை. அதை நான் பொறுத்துக்கொள்வேன்.

ஆனால் எந்தக் கணக்கும் 2023-இல் உதவவில்லை. சீனாவின் செங்டுவில் நடந்த மாநாட்டின் ஓட்டு விவரம், விழா முடிந்து மூன்று மாதம் கழித்து, 2024 ஜனவரி 20 அன்று வெளிவந்தது. போதிய முன்மொழிவு பெற்றிருந்த ஆர். எஃப். குவாங்கின் ‘பேபல்’ நாவலுக்கு எதிரே ‘தகுதி இல்லை’ என்று மட்டும் இருந்தது. நெபுலா விருது வென்ற நாவல் அது. காரணம் கேட்டவர்களுக்கு விதிப்படி முடிவெடுத்தோம் என்பதற்குமேல் பதிலில்லை. பிப்ரவரியில் மின்னஞ்சல்கள் கசிந்தன. விருதுக் குழுவில் இருந்த மேற்கத்தியர்களே, சீனா, தைவான், திபெத் பற்றி யார் என்ன எழுதினார்கள் என்று குறிப்பெடுத்துக் கொடுத்திருந்தார்கள். பால் வைமர் என்ற விமர்சகர் திபெத்துக்குப் போனார் என்று அவற்றில் ஒரு குறிப்பு. அவர் போனது நேபாளத்துக்கு. அவரும் தகுதி இல்லாதவர் ஆனார்.

ஓட்டுப் போட்டவர்கள் செய்த தவறு இதில் எதுவுமில்லை. எண்ணியவர்கள் செய்தது. 2015-இல் நடந்ததை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள், அதனால் திருத்த முடிந்தது. விவரத்தை வெளியிட்டே தீர வேண்டும் என்ற விதி இல்லாதிருந்தால் செங்டுவில் நடந்தது யாருக்கும் தெரிந்தே இருக்காது. உறுப்பினர் விருது நடத்துகிற யாரிடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: எண்ணிக்கையை எப்போது, எவ்வளவு காட்டுவீர்கள்? விருப்ப வரிசையா, ஒற்றை ஓட்டா என்பதெல்லாம் அப்புறம்.

இதை நான் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்ல எங்கள் சிறுகதை வாசகர் குழுவும் ஒரு காரணம். ஆண்டின் சிறந்த கதையைக் கூகுள் படிவத்தில் ஓட்டுப் போட்டுத் தேர்கிறோம். முன்பெல்லாம் வாட்ஸாப்பில் வெற்றியாளர் பெயரை மட்டும் அறிவிப்போம். யாருக்கு எத்தனை என்று கேட்டால் மனஸ்தாபம் வரும் என்பார்கள். சென்ற முறை பொறுப்பு என்னிடம் வந்தது. வாக்காளர் பெயர்களை மட்டும் மறைத்துவிட்டு, சுற்றுவாரியான முழுக் கணக்கையும் குழுவில் போட்டேன். அரை மணி நேரத்தில் ஒரு தங்கை கூப்பிட்டாள். “அண்ணா, பதினாலாவது வரியும் முப்பத்தொண்ணாவது வரியும் ஒரே சீட்டு. ரெண்டு தடவை எண்ணியிருக்கீங்க.” சரிபார்த்தேன். ஒருவர் படிவத்தை இருமுறை அனுப்பியிருந்தார். இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும் மாறின. திருத்திய கணக்கை அன்றிரவே மறுபடியும் குழுவில் போட்டேன்.