ஹோகனின் மருந்து யாருடைய நோய்க்கு?

கோல்ஃப் மட்டையைப் புதிதாகக் கையில் எடுத்தவர் யாரிடம் யோசனை கேட்டாலும் இரண்டாவது பேச்சிலேயே வந்து விழும் பெயர் தொழில்முறை ஆட்டக்காரர் பென் ஹோகனின் ‘ஃபைவ் லெஸன்ஸ்’. 1957இல் வந்த புத்தகம். கோச்சுகள் சொல்கிறார்கள், மட்டை விற்கும் கடைக்காரர்கள் சொல்கிறார்கள், வருடக்கணக்காக ஆடியும் ஒருமுறைகூட நூறு அடிகளுக்குக் கீழே வராதவர்கள் எல்லோரையும்விட உரக்கச் சொல்கிறார்கள். உங்கள் ஆட்டத்தை நிரந்தரமாக மாற்றிய பாடம் எது என்று கேட்டால் இந்தப் புத்தகத்தைக் காட்டுவோர் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். கொஞ்சம் மறுத்துப் பேசினால் உடனே வரும் பதில்: லாரி நெல்சனைப் பார்.

நெல்சன் நல்ல சாட்சிதான். அமெரிக்கர்; வியட்நாம் போரிலிருந்து திரும்பியபின் 21 வயதில் ஆடத் தொடங்கியவர். ஹோகனின் புத்தகத்தை வைத்துக்கொண்டு கற்றார். முதல் முழு ஆட்டத்திலேயே நூறுக்குள் வந்தார், ஒன்பது மாதத்தில் எழுபதுக்குள். பிறகு 1981லும் 1987லும் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப், நடுவில் 1983இல் யு.எஸ். ஓப்பன். ஒரு புத்தகத்துக்கு இதைவிடப் பெரிய சிபாரிசு கிடைக்காது.

புத்தகத்தின் நிறைகளையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்டிரேட்டட்’ இதழில் தொடராக வந்தது இது. ஹோகனோடு சேர்ந்து எழுதிய ஹெர்பர்ட் வாரன் விண்ட் தேர்ந்த எழுத்தாளர். ஒரு வாக்கியம்கூட வீணில்லை. அந்தோனி ரவியெல்லியின் ஓவியங்களுக்கு இணையாக விளையாட்டு நூல்களில் வேறொன்று வந்ததாக எனக்குத் தெரியவில்லை. பந்திலிருந்து தோள்வரை சரிவாகச் சாய்த்து வைத்த ஒரு பெரிய கண்ணாடித் தகடு, அதில் ஓர் ஓட்டை, அதன் வழியே ஆட்டக்காரனின் தலை. ஸ்விங் எந்தத் தளத்தில் சுழல வேண்டும் என்பதை அந்த ஒரு படம் சொல்லிவிடுகிறது. நிற்கும் விதம், முழங்கைகள் சேரும் விதம், அடிக்குமுன் மட்டையை லேசாக அசைத்துப் பார்க்கும் பழக்கம் ஆகியவற்றை இவ்வளவு பொறுமையாக யாரும் விளக்கியதில்லை. பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டிங், குழியைச் சுற்றிய கிரீனை ஒட்டிய சிறு அடிகள் பற்றி ஒரு பாடமும் இல்லை. அதை ஒரு குறையாகச் சொல்லலாம். ஆனால் அவர் எடுத்துக்கொண்டது முழு ஸ்விங்கை மட்டும். போகட்டும்.

என் ஆட்சேபம் வேறு இடத்தில், நெடுநாளாக இருக்கிறது. இது எல்லோருக்குமான பாடமாக எழுதப்பட்டிருக்கிறது. உள்ளே இருப்பதோ ஒரே ஒரு மனிதரின் நோய்க்கான மருந்துச் சீட்டு.

ஹோகனின் நோய் ஹுக். வலக்கை ஆட்டக்காரர் அடித்த பந்து கடைசியில் இடப்பக்கம் சுருண்டு விழுவதை அப்படிச் சொல்வார்கள். டெக்ஸாஸில் அடுத்தவரின் மட்டைப் பையைச் சுமக்கும் கேடியாக வேலை பார்த்து, பதின்வயதில் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்த ஹோகனைப் பல வருடங்கள் வாட்டியது அதுதான். கையில் காசு தீர்ந்து ஊர் திரும்பிய காலங்கள் உண்டு. தனியாளாக அவர் முதல் போட்டியை வென்றது 1940இல், பைன்ஹர்ஸ்டில். அப்போது வயது 27. அதற்கு முன் அவருக்குக் கைகொடுத்தவர் ஹென்றி பிகார்ட். 1938 மாஸ்டர்ஸையும் 1939 பி.ஜி.ஏ.வையும் வென்றவர். ஹோகனின் ஹுக்கைப் பார்த்தார், பிடியை மாற்றச் சொன்னார். 1948இல் வந்த தம் முதல் புத்தகமான ‘பவர் கோல்ஃப்’பை ஹோகன் பிகார்டுக்குத்தான் சமர்ப்பணம் செய்தார். நிரந்தர மாற்றம் தந்த பாடம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் நான் இதைத்தான் சொல்வேன். எதிரே நின்ற ஓர் ஆளின் பந்து எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்து, அந்த ஆளுக்காகச் சொன்ன பாடம் அது.

புத்தகத்தில் பிகார்டின் இடத்தில் யாரும் இல்லை. வாசகனின் பந்து எந்தப் பக்கம் போகிறது என்று ஹோகன் கேட்பதே கிடையாது.

பிடி பற்றிய பாடத்தைத் திறந்து பாருங்கள். இடது உள்ளங்கையின் அடிமேடு மட்டையின் மேல் அமர்கிறது, கடைசி மூன்று விரல்கள் இறுக்கிப் பிடிக்கின்றன. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ‘வி’ போல விழும் மடிப்பு, இடக்கையில் வலது கண்ணைப் பார்க்க வேண்டும்; வலக்கையில் முகவாயைப் பார்க்க வேண்டும். இன்றைக்குப் பெரும்பாலான கோச்சுகள் இரண்டு மடிப்பையுமே வலது தோள் பக்கமாகத் திருப்பிவைப்பார்கள். கைகளை ஹோகன் சொல்வதுபோல இடப்பக்கம் நகர்த்திப் பிடித்தால் அடிக்கும் கணத்தில் மட்டையின் முகம் எளிதில் இடப்பக்கம் திரும்பி மூடிக்கொள்ளாது. ஹோகனின் மணிக்கட்டுக்கு இருந்த வேகத்துக்கு அதுதான் தேவைப்பட்டது. முகம் மூடாது என்று உறுதியான பிறகு அவர் எவ்வளவு பலமாக வேண்டுமானாலும் அடிக்கலாம், அடித்தார். வலக்கை இன்னும் இரண்டு இருந்திருக்கக் கூடாதா என்று ஆசைப்படும் அளவுக்கு அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரரின் நோய் இதற்கு நேர் எதிரானது. அவருடைய பந்து வலப்பக்கம் வளைந்து புதருக்குள் போகிறது. ஸ்லைஸ். எந்த ஊர் டிரைவிங் ரேஞ்சிலும் அரைமணி நேரம் நின்று பார்த்தால் புரிந்துவிடும். அவருடைய மட்டை முகம் ஏற்கெனவே வலப்பக்கம் பார்த்தபடி திறந்துதான் வருகிறது. அவரிடம் போய், முகம் இன்னும் திறந்து வருவதற்கான பிடியைக் கொடுக்கிறது இந்தப் புத்தகம். மலச்சிக்கல்காரருக்கு வயிற்றுப்போக்கு மருந்து.

இதற்கு ஹோகன் பக்தர்கள் சொல்லும் பதில் அசட்டையாகத் தள்ளக்கூடியதல்ல. பிடியை மட்டும் தனியே பிய்த்துப் பார்க்காதே, ஐந்து பாடமும் சேர்ந்து ஓர் அமைப்பு என்பார்கள். அடிக்கும்போது இடது மணிக்கட்டைச் சுழற்றி அதன் எலும்பு இலக்கை நோக்கும்படி வைக்கச் சொல்கிறார் அல்லவா, அதுவே முகத்தை நேராக்கிவிடும் என்பார்கள். மட்டை கீழிறங்கும்போது இடுப்பு முதலில் திரும்ப வேண்டும் என்கிறாரே, தோளால் வெட்டி அடிக்கும் ஸ்லைஸ்காரருக்கு அதைவிட நல்ல மருந்து உண்டா என்பார்கள். கடைசியாகச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். தோள் முந்துவதுதான் ஸ்லைஸின் பாதைக் கோளாறு. இடுப்பு முந்துவது அதற்குச் சரியான மாற்று.

ஆனால் கோளாறுகள் வரும் வரிசையைப் பாருங்கள். பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மட்டையின் முகம். வளைவைத் தருவது முகத்துக்கும் மட்டை போகும் பாதைக்கும் உள்ள கோணம். ட்ராக்மேன் போன்ற ராடார் கருவிகள் வந்தபின் இதில் சண்டைக்கு இடமில்லை. முகம் திறந்திருப்பவன் பந்து வலப்பக்கம் போவதைப் பார்க்கிறான். யாரும் சொல்லித்தராமலே அவன் உடம்பு மட்டையை இடப்பக்கம் இழுக்கப் பழகிவிடுகிறது. தோள் முந்துவது அங்கிருந்துதான் வருகிறது. இழுக்க இழுக்க வளைவு கூடுகிறது. ஆக, பாதைக் கோளாறு முகக் கோளாறின் பிள்ளை. முகத்தைச் சரிசெய்யாமல் இடுப்பை முந்தச் சொன்னால் என்ன ஆகும்? இடுப்பு போய்விடும், கை பின்தங்கும், முகம் இன்னும் திறந்து நிற்கும். பந்து வலப்பக்கத்து வேலியைத் தாண்டும். ஒரு வாரம் இப்படி அடித்தவன் நான்காம் பாடத்தை மறந்துவிட்டுப் பழையபடி தோளால் வெட்டுவான். வெட்டினால் பந்தாவது மைதானத்துக்குள் விழும். அவனைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை.

மணிக்கட்டைச் சுழற்றும் விஷயமும் அப்படியே. அடி விழும் அந்த நொடிப்பொழுதுக்குள் மணிக்கட்டைத் துல்லியமாகச் சுழற்ற ஹோகனால் முடிந்தது. காலையிலிருந்து மாலைவரை பந்தடித்துக் கை தேய்ந்தவர் அவர். பயிற்சியையே தொழிலாக வைத்திருந்தவரின் மணிக்கட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, வாரத்துக்கு ஒருநாள் ஆடும் கணக்குப்பிள்ளைக்குப் பிடி எழுதிக்கொடுத்தால் எப்படி?

இதெல்லாம் ஹோகனுக்குத் தெரியாமல் இல்லை என்பதுதான் என்னை மிகவும் உறுத்துவது. 1955இல் ‘லைஃப்’ இதழில் அவர் தம் ரகசியத்தை வெளியிட்டார். இடக்கைப் பிடியை இடப்பக்கம் நகர்த்துவது, மட்டை மேலே போனதும் இடது மணிக்கட்டைப் பின்பக்கமாகக் குழியவிடுவது. இரண்டும் முகத்தைத் திறந்துவைக்கும் உபாயங்கள், ஹுக்குக்கான வைத்தியம். வாரக்கடைசி ஆட்டக்காரருக்கு இதனால் பயனில்லை, மோசமாக ஆடுபவரை இது கெடுத்தே விடும் என்ற எச்சரிக்கையையும் அங்கே அவரே தருகிறார். இரண்டு வருடம் கழித்துப் புத்தகம் வருகிறது. குழிந்த மணிக்கட்டு ரகசியம் காணாமல் போயிருக்கிறது, எச்சரிக்கையும் கூடவே போய்விட்டது. பிடி மட்டும் தங்கிவிட்டது. கூடவே, சாதாரண உடல்வாகு உள்ள யாரும் இந்த அடிப்படைகளைப் பழகினால் எண்பதுக்குள் வரலாம் என்கிற வாக்குறுதி. எண்பதுக்குள்! வாழ்நாள் முழுக்க ஆடி அந்த எண்ணைப் பார்க்காமலே போகிறவர்கள்தான் இந்த விளையாட்டில் அதிகம்.

இதற்கு மாறாக வேலை செய்த ஆசிரியர்கள் அவர் காலத்திலேயே இருந்தார்கள். அவரது டெக்ஸாஸிலேயே, ஆஸ்டின் நகரத்து கிளப்பில் ஹார்வி பெனிக் இருந்தார். பென் கிரென்ஷா, டாம் கைட் இருவருமே அவர் மாணவர்கள். ஒருவருக்குப் பாடம் நடக்கும்போது மற்றவரைப் பார்க்க விடமாட்டார். ஒருவருக்குச் சொன்னது இன்னொருவர் காதில் விழக் கூடாது. 1995 மார்ச்சில், படுத்த படுக்கையாக இருந்த நிலையிலும், கிரென்ஷாவின் பட்டிங்கைப் பார்த்துத் திருத்தினார். ஏப்ரல் 2ஆம் தேதி காலமானார். 9ஆம் தேதி கிரென்ஷா மாஸ்டர்ஸ் வென்றார். பெனிக்கும் புத்தகம் போட்டாரே, அது மட்டும் லட்சக்கணக்கில் விற்கலாமா என்று கேட்கலாம். ஆனால் அது இன்னாருக்கு இன்னது சொன்னேன் என்கிற குறிப்புகளின் தொகுப்பு. படிப்பவனுக்கு, இது எனக்கானதா என்ற சந்தேகம் பக்கத்துக்குப் பக்கம் வரும். வர வேண்டும்.

ஜாக் நிக்லஸ் பத்து வயதில் ஒஹாயோவின் சியோட்டோ கிளப்பில் ஜாக் கிரௌட்டிடம் சேர்ந்தார். தலை அசையக் கூடாது என்பதற்காகப் பையனின் முடியை ஓர் உதவியாளரைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார் கிரௌட். உலகிலேயே சிறந்த ஆட்டக்காரர் ஆன பிறகும் வருடா வருடம் ஆட்டக்காலம் தொடங்குமுன் நிக்லஸ் அவரிடம்தான் திரும்பிப்போய் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பித்தார். புத்தகம் அலமாரியிலேயே இருந்திருக்கும். அவர் போனது தம்மைப் பார்த்துப் பழகிய கண்களிடம்.

ஹோகனின் பிடிதான் இயற்கையான பிடி என்கிற வாதத்துக்கும் மைதானம் ஆதரவு தரவில்லை. பெர்ன்ஹார்ட் லாங்கர், பால் ஏஸிங்கர், டேவிட் டுவால் ஆகிய மூவருமே இடக்கையை வலப்பக்கம் நன்றாகத் திருப்பிப் பிடித்தவர்கள். லாங்கர் இரண்டு மாஸ்டர்ஸ், ஏஸிங்கர் 1993 பி.ஜி.ஏ., டுவால் 2001 பிரிட்டிஷ் ஓப்பன். பிடி இருக்கட்டும், பார்த்துக் கற்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு: 1991இல் இந்தியன் ஓப்பனை வென்ற அலி ஷேர் டெல்லியில் கேடியாக இருந்தவர். அடுத்தவர் பந்து எங்கே போகிறது என்று நாள்முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் கேடியின் பிழைப்பு. பந்தைப் பார்த்துக் கற்பது என்பார்களே, அதற்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

நெல்சனுக்கு வருகிறேன். பேஸ்பால் ஆடி வளர்ந்த உடம்பு, திருத்த வேண்டிய பழைய கோல்ஃப் பழக்கம் ஒன்றும் இல்லாத கை. முதல் நாளே நூறுக்குள் அடித்தவரை ஸ்லைஸ் நோயாளிகளின் பிரதிநிதியாக எப்படி ஏற்பது? அந்தக் கையில் வேறொரு நல்ல புத்தகத்தைக் கொடுத்திருந்தாலும் அவர் ஜெயித்திருப்பார் என்று நான் நினைக்கிறேன். நிரூபிக்க முடியாதுதான். இந்தப் புத்தகம்தான் ஜெயிக்கவைத்தது என்பதையும் எதிர்த்தரப்பு நிரூபிக்கவில்லை.

நடைமுறையில் நல்ல கோச்சுகள் இந்த வாதத்தை எப்போதோ தீர்த்துவிட்டார்கள், வாயால்தான் ஒப்புக்கொள்வதில்லை. ஸ்லைஸோடு வருகிற ஆளின் இடக்கையை, விரல் முட்டிகள் இரண்டு மூன்று கண்ணுக்குத் தெரியும்வரை வலப்பக்கம் திருப்பிவைக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் பந்து வலப்பக்கம் ஓடுவதை நிறுத்துகிறது. அதன்பின் அதே கோச், இது தற்காலிக ஏற்பாடு, ஸ்விங் பழகியபின் கையை ஹோகன் வைத்த இடத்துக்குத் திருப்பிக்கொள்ளலாம் என்று சொல்லி, வீட்டில் படிக்க ‘ஃபைவ் லெஸன்ஸை’ சிபாரிசு செய்கிறார். நேராகப் போகிற பந்தை வைத்துக்கொண்டு கையை எதற்காகத் திருப்ப வேண்டும் என்று நான் கேட்ட எந்தக் கோச்சும் இதுவரை பதில் சொன்னதில்லை.