ஆசானின் அடி மேடையில் எடுபடுமா?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் பேரருவிக்குப் போகிற வழியெங்கும் எண்ணெய் வாசம்தான். குளிக்க வந்தவரை உட்காரவைத்து உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை தேய்த்துவிடுகிற கைகளுக்கு, எங்கே அழுத்தினால் பிடிப்பு விடும் என்பது பழக்கத்திலேயே தெரியும். செங்கோட்டை முதல் கன்னியாகுமரி வரை மலையடிவார ஊர்களில் ‘வர்ம வைத்தியசாலை’ பலகைகளை இன்றும் பார்க்கலாம். உடம்பின் உயிர்நிலைப் புள்ளிகளைப் பற்றிய வர்மமும், அவற்றைத் தாக்கவும் கற்றுத்தரும் சண்டைக் கலையான அடிமுறையும் அகத்தியர் கொடுத்தவை என்பது ஆசான்கள் வழிவழியாகச் சொல்லிவருவது. அதே அகத்தியர் திருமாலைச் சிவலிங்கமாக்கியதாகத் தலபுராணம் சொல்லும் குற்றாலநாதர் கோயில் அருவிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆசான் ஒரு விரலால் தொட்டால் ஆள் சாய்ந்துவிடுவான் என்ற கதையைக் கேட்டு வளராத பிள்ளை இந்தப் பக்கத்தில் குறைவு. 1996இல் வந்த ‘இந்தியன்’ படம் அந்தக் கதையைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனது.

அந்தத் தொடுதல் சண்டை மேடையில் எடுபடுமா?

சீனாவில் இதே கேள்விக்கு எல்லோர் கண்முன்னும் பதில் கிடைத்தது. 2017 ஏப்ரலில் செங்டு நகரில், தாய்ச்சி ஆசான் வெய் லெய்யும் எம்எம்ஏ (கலப்புத் தற்காப்புக் கலை) பயிற்சியாளர் சூ ஷியாவ்தோங்கும் மோதினார்கள். அரை நிமிடம்கூட ஆகவில்லை. தரையில் கிடந்த வெய் லெய் மேல் குத்துகள் விழுந்துகொண்டிருந்தன. 2020 மே மாதம், தாய்ச்சியில் தனி வழி கண்டதாகச் சொல்லிவந்த 69 வயது மா பாவ்குவோ, ஓர் அமெச்சூர் வீரரிடம் முப்பது நொடிக்குள் மூன்று முறை விழுந்தார். மூன்றாம் முறை நினைவே இல்லை. இன்னும் பழைய சாட்சியும் உண்டு. 1954 ஜனவரியில் மக்காவ் நகரில் தாய்ச்சி ஆசான் வூ குங்யியும் வெண்கொக்கு முறையின் சான் ஹாக்ஃபூவும் மோதிய சண்டை இரண்டாம் சுற்றில் நிறுத்தப்பட்டு, வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்தது. அதன் படச்சுருளைப் பார்த்தால், இரண்டு பெரிய ஆசான்களின் நளினமும் முதல் மூக்கடியோடு போய்விடுவது தெரியும்.

நம் ஊர் ஆசான்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: ‘எங்கள் அடி உயிரை எடுக்கும், போட்டி விதி அதை விடாது.’ பாதி உண்மை. எம்எம்ஏ விதிகளில் பிடரி, தொண்டை, முதுகுத்தண்டு, கவட்டை ஆகியவற்றில் அடிக்கத் தடை இருக்கிறது. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று எண்ணப்படும் 108 வர்மங்களில் பல இந்த இடங்களில்தான் வருகின்றன. ஆனால் மீதிப் பாதியையும் பேச வேண்டும். எதிராளியின் தாடை உள்ளங்கை அகலம். தலையை ஆட்டிக்கொண்டே, திருப்பிக் குத்திக்கொண்டே வருகிறவனின் அந்தத் தாடையைத் தொட முடியாதவர், காசளவு வர்மப் புள்ளியை எப்படித் தொடுவார்? வைத்தியசாலைக்கு வருகிறவர் அசையாமல் உட்கார்ந்து கையை நீட்டுகிறார். மேடையில் எதிரே நிற்பவன் அப்படிச் செய்வதில்லை.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஜப்பானின் கானோ ஜிகோரோ. 1882இல் ஜூடோவைத் தொடங்கியபோது, பழைய ஜுஜுட்சுவின் ஆபத்தான அடிகளைச் சண்டைப் பயிற்சியிலிருந்து நீக்கினார். கொல்லும் வித்தையைக் கழித்ததால் கலை மெலியவில்லை. மாணவர்கள் தினமும் முழுப் பலத்தோடு, விட்டுக்கொடுக்காத ஆளோடு மல்லுக்கட்ட முடிந்தது. உயிரை எடுக்கும் அடியை யார்மீதும் போட்டுப் பழக முடியாது. தூக்கிப் போடுவதை ஒரு நாளைக்கு நூறு முறை பழகலாம். வெய் லெய்க்கு இல்லாமல் போனது அந்தப் பழக்கம்தான். தாய்ச்சியின் வயதைக் குறை சொல்லிப் பயனில்லை.

இப்படிப் பார்க்கும்போது சிலம்பத்தின் நிலை மேல். கம்போடு கம்பு மோதும் தொடுமுறைப் போட்டியில் எதிராளி உண்மையாகவே அடிக்க வருகிறான், நுனி உடம்பில் பட்டால் அவனுக்குப் புள்ளி. தூரம் அளப்பதும், சுவடு மாற்றி விலகுவதும், அடுத்த வீச்சு எங்கிருந்து வரும் என்று தோளைப் பார்த்தே கணிப்பதும் அங்கே வேறு வழியில்லாமல் வந்துவிடும். குத்துச்சண்டைப் பயிற்சியாளர் மாதக்கணக்கில் சொல்லிக்கொடுப்பதும் இவற்றைத்தான். கவலை வேறு இடத்தில். அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்ந்ததும், 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றதும் நல்ல செய்திகள். ஆனால் கோயில் கொடையிலும் பள்ளி ஆண்டுவிழாவிலும் கைதட்டு வாங்குவது அலங்காரச் சிலம்பம். தீப்பந்தம் சுற்றுகிற பையனை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். முழங்காலில் அடிபட்டும் காலடி பிசகாதவனை யாரும் கவனிப்பதில்லை. ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட பூலித்தேவனின் நெற்கட்டும்செவல் இருக்கும் தென்காசி மாவட்டத்தில் போர்ச்சிலம்பம் இரண்டாம் இடத்துக்குப் போவது மனதை உறுத்துகிறது.

சீனர்கள் தங்கள் மரபுச் சண்டைக் கலையான வூஷுவை இரண்டாகப் பிரித்தார்கள். தாய்ச்சி, அழகுக்கும் துல்லியத்துக்கும் புள்ளி தரும் தாவ்லுவில் சேர்ந்து ஆசிய விளையாட்டுக்குப் போனது. கையுறை மாட்டி, குத்து, உதை, தூக்கிப்போடுதல் என்று மோதுகிற பிரிவு சான்டா. அந்தச் சான்டாவில்தான் 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் மணிப்பூரின் ரோஷிபினா தேவி வெள்ளி வென்றார். வூஷுவில் ஐந்து முறை தேசியப் பட்டம் பெற்ற முசாஃபர்நகர் பூஜா தோமர், 2024 ஜூனில் எம்எம்ஏ போட்டியான யூஎஃப்சியில் வென்ற முதல் இந்தியப் பெண்ணானார். மரபுக் கலைக்குள்ளேயே ஒரு மோதல் களம் இருந்தால் அங்கிருந்து மேடைக்கு வழி பிறக்கும் என்பதற்கு இவர்களைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

நம் கையில் வெறுங்கைச் சண்டையான குத்துவரிசை இருக்கிறது, எதிராளியை மடக்கும் அடிமுறைப் பூட்டும் அதிலிருந்து விடுபடும் பிரிவும் இருக்கின்றன. தென்காசியில் குத்துவரிசை பழகிய பதினாறு வயதுப் பையனுக்குக் கையுறையும் பல் கவசமும் மாட்டி, அதே எடையுள்ள குத்துச்சண்டைப் பையனோடு வாரம் இரண்டு நாள் மூன்று சுற்று இறக்கிவிடலாம். முதல் இரண்டு மாதம் அடி வாங்குவான். இடுப்பருகே வைத்துப் பழகிய கை தாடைக்கு ஏற அவ்வளவு நாளாகும். அதற்குப் பிறகு அவனிடம் மிச்சமிருக்கும் சுவடுகள் எவை, உதிர்ந்தவை எவை என்று ஆசான் பக்கத்தில் நின்று குறித்துக்கொள்ளட்டும். அடுத்த ஆண்டுப் பாடத்தை அந்தக் குறிப்பிலிருந்து தொடங்கலாம்.