சாயமும் மையும்: ஒரு மூன்று சக்கர சைக்கிளின் வழக்கு

போன மாதம் நண்பர் ஒருவரோடு வாக்குவாதம். பல வருடம் கலர் லேப் நடத்தியவர். "டார்க்ரூமில் போட்ட பிரிண்ட்தான் போட்டோ. இங்க்ஜெட்ல வர்றதெல்லாம் ஜெராக்ஸ்" என்றார். நான் எங்க வீட்டு ஆல்பத்தை எடுத்து வந்து அவர் முன்னால் விரித்தேன். அத்தை கல்யாணம், 1984. அசல் கெமிக்கல் பிரிண்ட். வெயில் படாமல் பீரோவுக்குள் பத்திரமாக இருந்ததுதான். ஆனாலும் பச்சைப் பட்டுப்புடவை பழுப்பேறிவிட்டது. மாப்பிள்ளை முகம் செங்கல் நிறம். அந்தக் காலத்துக் கலர் பேப்பர்கள் பலவற்றில் சயான் சாயம் இருட்டில் வைத்திருந்தாலும் தானாகவே சிதையும். சயான் குறையக் குறைய சிவப்பு மேலேறும். அவ்வளவுதான் விஷயம்.

நண்பர் விடவில்லை. "அது கல்யாண ஆல்பம். கலைன்னு வரும்போது கதையே வேற" என்றார். சரி, கலைக்கே போவோம்.

1976இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் வில்லியம் எக்கிள்ஸ்டனின் வண்ணப் படங்கள் காட்சிக்கு வந்தன. அங்கே வண்ணப் புகைப்படக் காட்சி புதிதல்ல. எர்ன்ஸ்ட் ஹாஸின் படங்கள் 1962லேயே வந்துவிட்டன. ஆனால் வண்ணம் என்றால் விளம்பரம், கறுப்பு வெள்ளைதான் கலை என்ற எண்ணம் அப்போதும் உறுதியாக இருந்தது. விமர்சகர்கள் பலர் எக்கிள்ஸ்டனைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். இன்று அந்தக் காட்சியை வண்ணப் புகைப்படத்தின் திருப்புமுனையாகச் சொல்கிறார்கள்.

அந்தப் பிரிண்ட்கள் 'டை டிரான்ஸ்ஃபர்' முறையில் செய்யப்பட்டவை. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் என் வாதமே இதில்தான் இருக்கிறது. மூலப் படத்தைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியாக மூன்று தனித்தனி நெகட்டிவ்களாகப் பிரிப்பார்கள். ஒவ்வொன்றிலிருந்தும் பிரிண்ட் அளவுக்கே ஒரு ஜெலட்டின் அச்சு எடுப்பார்கள். ஒளி அதிகம் பட்ட இடத்தில் ஜெலட்டின் கெட்டிப்படும். கெட்டிப்படாத மிச்சத்தை வெந்நீர் கரைத்துக்கொண்டு போய்விடும். மேடும் பள்ளமுமாக நிற்கும் அந்த அச்சை சாயத்தில் ஊறவைத்து, ஒரே தாளின்மேல் சயான், மஜெண்டா, மஞ்சள் என்று ஒவ்வொன்றாக உருட்டி அழுத்த வேண்டும். மூன்றும் இம்மி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும். பிசகினால் தாள் குப்பைக்கூடைக்கு.

இவ்வளவு பாடு எதற்கு? கட்டுப்பாட்டுக்கு. சாதாரணக் கலர் பேப்பரில் மூன்று நிறமும் ஒரே தாளுக்குள் கட்டுண்டு கிடக்கும். வடிகட்டியை மாற்றினால் மொத்தப் படமும் ஒரு பக்கம் சாயும். டை டிரான்ஸ்ஃபரில் சிவப்பைத் தொடாமல் பச்சையை ஏற்றலாம், நிழலை மட்டும் அடர்த்தியாக்கலாம். அதனால்தான் விளம்பர உலகம் இதற்குக் காசைக் கொட்டியது. எக்கிள்ஸ்டன் இந்த முறையைப் பிடித்ததும் ஒரு வணிக லேபின் விலைப்பட்டியலில் பார்த்துத்தான். இன்னொன்றும் கவனியுங்கள்: அந்தப் பிரிண்ட்களை அவர் தன் கையால் போடவில்லை. லேப் தொழில்நுட்பர்கள் போட்டார்கள். 'டார்க்ரூமில் கலைஞனின் கைவண்ணம்' என்று உருகுகிறவர்கள் இந்த இடத்தைச் சத்தமில்லாமல் தாண்டிவிடுகிறார்கள்.

நிறங்களைத் தனித்தனியாகப் பிரித்து, தனித்தனியாகத் திருத்தி, மறுபடி சேர்ப்பது. இதைத்தானே இன்று கணினியில் செய்கிறோம்? என்னைக் கேட்டால், இன்றைய நிறமி மைப் பிரிண்டின் முன்னோடி சாதாரண டார்க்ரூம் பிரிண்ட் அல்ல, டை டிரான்ஸ்ஃபர்தான்.

கோடாக் நிறுவனம் 1994இல் அதற்கான பொருட்களின் தயாரிப்பை நிறுத்தியது. பிறகு வந்ததுதான் வழக்கு.

2012 மார்ச்சில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் எக்கிள்ஸ்டனின் 36 படங்கள் வந்தன. பழைய ஃபிலிமை ஸ்கேன் செய்து நிறமி மையில் போட்ட பிரிண்ட்கள். ஏறத்தாழ 44க்கு 60 அங்குலம். மொத்தம் 59 லட்சம் டாலர். மெம்ஃபிஸ் புறநகர்த் தெருவில் நிற்கும் குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் படம் மட்டும் 5,78,500 டாலருக்குப் போனது. அதே படத்தின் டை டிரான்ஸ்ஃபர் பிரிண்டை வைத்திருந்த சேகரிப்பாளர் ஜோனதன் சோபெல் வழக்குப் போட்டார். எண்ணிக்கை குறைவு என்று நம்பி வாங்கினேன், இப்போது புதிதாகப் போட்டால் என் பிரிண்டின் மதிப்பு என்னாவது என்பது அவர் கேள்வி. 2013இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அளவும் முறையும் வேறு, எனவே இது வேறொரு பதிப்பு என்பதுதான் சாரம்.

சட்டம் முடித்துக்கொண்ட இடத்தில் விமர்சனம் தொடங்க வேண்டும். வேறு பதிப்பு, சரி. நல்ல பதிப்பா?

மையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நல்ல நிறமி மை, நல்ல பருத்தித் தாள் என்றால் அத்தை ஆல்பத்துக்கு வந்த கதி அதற்கு எளிதில் வராது. என் மனத்தாங்கல் அளவின் மேல். அந்த சைக்கிள் படம் தரையோடு தரையாகக் கேமராவை வைத்து எடுத்தது. பின்னால் இருக்கும் வீட்டைவிட சைக்கிள் பெரிதாகத் தெரியும். சின்னத் தாளில் அது ஒரு அதிசயம்: கிட்டே குனிந்து பார்க்கும்போது கையகலச் சைக்கிள் ஒன்று வீட்டையே விழுங்குகிறது. ஐந்தடிப் பிரிண்டில் எல்லாமே பெரிதுதான். படம் செய்ய வேண்டிய வேலையைச் சுவர் செய்துவிடுகிறது.

சில வருடம் முன்பு வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றில் ஒரு டை டிரான்ஸ்ஃபர் பிரிண்ட் முன்னால் நின்றிருக்கிறேன். நிறம் தாளின் மேல் படிந்த மாதிரியே இல்லை, ஊறிப்போய் உள்ளேயிருந்து வருகிற மாதிரி இருந்தது. அந்த ஆழம் வேறு எதிலும் நான் பார்க்காதது. அது போகிறதே என்ற வருத்தம் எனக்கும் உண்டு. பழைய இருப்பை வைத்துக் கடைசியாகச் செய்த எக்கிள்ஸ்டன் பிரிண்ட்களை 2024இல் லாஸ் ஏஞ்சலஸில் காட்சிக்கு வைத்தார்கள். 'கடைசிச் சாயங்கள்' என்றே தலைப்பு. ஆனால் ஒரு நிறம் போகிறதே என்று வருந்துவது வேறு, மிச்சமெல்லாம் ஜெராக்ஸ் என்பது வேறு.

அப்படிக் கோடு கிழிக்கவும் முடியாது. ஆந்த்ரேயாஸ் குர்ஸ்கியின் ரைன் நதிப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல் 43 லட்சம் டாலருக்கு விற்றது. பிரிண்ட் கெமிக்கல் பேப்பரில். படத்தில் இருந்த கட்டடத்தை அழித்தது கணினியில். இதை எந்தப் பக்கம் வைப்பீர்கள் என்று நண்பரிடம் கேட்டேன். டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அவரும் நானும் சேர்ந்து அத்தை ஆல்பத்தை ஸ்கேன் செய்தோம். சயானை ஏற்றினால் பச்சை திரும்பி வந்தது. ஆனால் எந்தப் பச்சை? நண்பருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அத்தைக்கு போன் போட்டேன். "கிளிப்பச்சை இல்லடா, வாழைத்தளிர்ப் பச்சை. உங்க மாமா அப்பவே தப்பாத்தான் சொல்வாரு" என்றார்.

வாழைத்தளிர்ப் பச்சையில்தான் போட்டோம். நிறத்தைச் சரிபார்த்துக் கொடுத்தது லேப்காரர்தான். அந்தக் கண் இல்லாவிட்டால் இங்க்ஜெட் நிஜமாகவே ஜெராக்ஸ்தான். இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.