காதர் எங்கே போனான்?

தமிழில் வேலை கிடைக்காதவனைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், படமும் எடுத்திருக்கிறார்கள். வேலை போனவனைப் பற்றிக் குறைவு. இரண்டும் ஒன்றல்ல. வேலை கிடைக்காத பட்டதாரி ஊரைத் திட்டலாம், அரசாங்கத்தைத் திட்டலாம். வேலை போனவனுக்கு நேற்றுவரை ஒரு நாற்காலி இருந்தது, கழுத்தில் அட்டை தொங்கியது. யாரைத் திட்டுவது என்று யோசித்து யோசித்துக் கடைசியில் தன்னையே திட்ட ஆரம்பித்துவிடுவான்.

பாயான் லெப்பாஸில் நான் இருந்த தொழிற்சாலையில் ஆட்குறைப்பு நடந்தது. பட்டியலில் என் பெயரும் இருந்தது. அதற்குப் பிறகு அசோகமித்திரனின் ‘புலிக்கலைஞன்’ கதையைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

கதை தெரியாதவர்களுக்காக: ஒரு சினிமா ஸ்டூடியோ. காதர் என்பவன் வாய்ப்புக் கேட்டு வருகிறான். ஒன்றும் இல்லை என்கிறார்கள். தனக்குப் புலியாட்டம் தெரியும் என்று அந்த ஆபீஸ் அறைக்குள்ளேயே ஆடிக் காட்டுகிறான். பார்த்தவர்கள் மிரண்டு போகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் மறுபடியும் அதே ஒடுங்கிய மனிதன். பிறகு அவனுக்கு ஏற்ற ஒரு வாய்ப்பு வருகிறது. கடிதம் போடுகிறார்கள், அது திரும்பி வந்துவிடுகிறது. ஆள் கிடைக்கவில்லை.

‘கலைஞனை மதிக்காத சினிமா உலகம்’ என்றுதான் இதை வழக்கமாக வாசிப்பார்கள். தப்பில்லை. ஆனால் அப்படி வாசித்தால் அறைக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணில் படாமல் போகிறார்கள். அவர்களுக்கும் அங்கே வேலை இல்லை, சம்பளம் மட்டும் வருகிறது. பொழுதைத் தள்ளுவதே பெரும்பாடு. காதர் வருவதற்கு முன்பு இதை அசோகமித்திரன் அவசரமே இல்லாமல் சொல்கிறார். முதல்முறை படிக்கும்போது இதெல்லாம் எதற்கு என்றுகூடத் தோன்றலாம். ‘உனக்கு என்ன தெரியும்?’ என்று கேட்பவனின் நாற்காலியும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. கதையின் ஆதாரமே அதுதான்.

அவருக்கு இது வெளியிலிருந்து தெரிந்த விஷயம் இல்லை. 1952 முதல் 1966 வரை ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். ஆங்கிலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகளில், அங்கே கதை இலாகாவை மூடியபோது கவிஞர்களோடு வக்கீலுக்கும் சேர்த்து வேலை போனதைச் சிரிப்பு வரும்படி சொல்லியிருப்பார். அப்படிப்பட்டவரால் நேர்காணல் செய்கிறவனை வில்லனாக எழுத முடியாது. கதையில் வரும் சர்மா இரக்கமுள்ள மனிதர், ஆனால் அவர் கையில் கொடுக்க வேலை இல்லை. எனக்குக் கடிதம் கொடுத்த மேலாளர் பேசி முடிப்பதற்குள் தண்ணீர் பாட்டிலை நாலு தடவை திறந்து மூடினார். குடிக்கவில்லை.

பினாங்கில் இந்த ஆட்டம் புதுசும் இல்லை. 1972இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை தொடங்கிய காலத்திலேயே இன்டெல் வந்துவிட்டது. அன்றிலிருந்து உலகச் சந்தையில் சிப் விற்றால் இங்கே ஓவர்டைம், விற்காவிட்டால் பட்டியல். 2024 ஆகஸ்டில் இன்டெல் உலகம் முழுக்க 15,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, வேறு கம்பெனியில் இருந்த எங்கள் வாட்ஸ்அப் குழுக்கள்கூட ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

நம் சினிமா இதை எப்படிச் சமாளிக்கிறது? 1980இல் வந்த ‘வறுமையின் நிறம் சிவப்பு’ நாயகனைக் கடைசியில் முடிதிருத்துபவராக நிறுத்தியது. அந்த முடிவில் துணிச்சல் இருந்தது. 2014இல் வந்த ‘வேலையில்லா பட்டதாரி’யில் அம்மா செத்துப்போகிறாள். அவளுடைய நுரையீரல் யாருக்குப் பொருத்தப்பட்டதோ அந்தப் பெண்ணின் அப்பா வழியாக நாயகனுக்கு வேலை வருகிறது. ஒரு இன்ஜினியருக்கு வேலை கிடைக்க அம்மா சாக வேண்டியிருக்கிறது! தியேட்டரில் விசில் பறந்தது, நானும் அடித்தேன், பாட்டெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குள் வேலை போனவனின் செவ்வாய்க்கிழமை கிடையாது. காலை பத்து மணிக்கு மாமாக் கடையில் உட்கார்ந்திருக்கிறோம். “என்ன தம்பி, இன்னிக்கு ஷிஃப்ட் இல்லையா?” என்று கேட்கிறார்கள். தே தாரிக் ஆறும்வரை அந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறோம். அந்த செவ்வாய்க்கிழமையைச் சொல்கிறேன்.

நம் நாட்டில் 2018 ஜனவரியிலிருந்து பெர்கேசோவின் வேலைக் காப்புறுதித் திட்டம் இருக்கிறது. வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தயவுசெய்து செய்யுங்கள், வெட்கப்படாதீர்கள், அது நம் சம்பளத்தில் பிடித்த காசு. கணக்கிடும் சம்பளத்தில் முதல் மாதம் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, அடுத்த இரண்டு மாதம் 40, அதற்கும் அடுத்த இரண்டு மாதம் 30. அதிகபட்சம் ஆறு மாதம். நல்ல திட்டம்தான். ஆனால் மனசு இந்த வரிசையில் இறங்குவதில்லை. என் விஷயத்தில் முதல் மாதம் விடுமுறை மாதிரி போனது, மூன்றாம் மாதம்தான் விழுந்தேன்.

அந்த மூன்றாம் மாதத்தில் நண்பர்கள் சொன்ன ஆறுதல், “வேலைதான் நீயா? வேலை வேற, நீ வேற.” புலிக்கலைஞன் இதை ஒத்துக்கொள்ளாது. காதர் எப்போது காதராக இருக்கிறான்? ஆடுகிற அந்தச் சில நிமிடங்களில்தான். அவனுக்குச் சோறும் வேண்டும், அதோடு ஆட ஒரு இடமும் வேண்டும். வேலையைத் தன்னிலிருந்து பிரித்துப் பார் என்று அவனிடம் சொன்னால் சிரிப்பான். பழுதான போர்டில் எந்த இடத்தில் கோளாறு என்று கண்டுபிடிப்பது என் வேலை. இப்போது தெரிந்தவர்களின் பழைய ஆம்ப்ளிஃபயர்களை வாங்கிவந்து சரிசெய்கிறேன். பெரிய காசு இல்லை. சால்டரிங் புகை மூக்கில் ஏறும்போது மட்டும் யாரும் என்னை எதுவும் கேட்க வேண்டாம் என்று இருக்கிறது.

கதையின் மீது எனக்கு ஒரு குறையும் உண்டு. அது கடைசிவரை ஆபீஸுக்குள் இருந்தே பார்க்கிறது. காதர் வாசலைத் தாண்டியதும் கதைக்குக் கண் தெரியவில்லை. அதனால் கடிதம் திரும்பி வந்ததும், அவன் அழிந்துபோனான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அவன் அந்த முகவரியில் இல்லை, அவ்வளவுதான் கதை தரும் தகவல். வீடு மாறியிருக்கலாம். வேறு ஊரில் வேறு வேலையில் இருந்திருக்கலாம். ஸ்டூடியோக்காரர்களின் குற்றவுணர்வுக்கு அவன் காணாமல் போவது வசதியாக இருக்கிறது. அந்த வசதியை அசோகமித்திரன் கேள்வி கேட்கிறாரா, அவரும் அதற்குள் உட்கார்ந்திருக்கிறாரா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை.

தோட்டம் துண்டாடப்பட்டு வேலை இழந்தவர்களை மலேசியத் தமிழ் எழுத்து பார்த்திருக்கிறது. தொழிற்பேட்டையில் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை பழக்கதோஷத்தில் பட்டர்வொர்த்தில் பெர்ரிக்கு வந்து நிற்பவனின் கதையை நான் இதுவரை படித்ததில்லை. யாராவது எழுதினால், ஆபீஸ் ஜன்னலிலிருந்து எழுதாமல் அவன் கூடவே பெர்ரியில் ஏறி எழுதினால் நன்றாக இருக்கும்.